என் ஊரை வைத்து நான் சொன்ன பொய்

வெள்ளவத்தையில் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் உதைகளைக் கொரிய மொழியில் எண்ணுகிறோம். ஹனா, துல், செத், நெத். தமிழில் எண்ணினால் பாமன்கடையிலிருந்து வரும் சிங்களப் பிள்ளைகள் முழிப்பார்கள். சிங்களத்தில் எண்ணினால் சில தமிழ்த் தகப்பன்மார் முகம் சுளிப்பார்கள். ஆங்கிலத்தில் எண்ணினால் டியூஷன் வகுப்பு மாதிரி இருக்கிறது என்று எல்லாருமே அலுத்துக்கொள்வார்கள். கொரிய மொழியோடு இங்கே யாருக்கும் பகை இல்லை. கடலோர ரயில் கடக்கும்போது எண்ணிக்கை நிற்கும், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காஞ்சிபுரத்தில் பிறந்து, இந்த நகரத்துக்கு வந்து ஏழு வருடமான எனக்கு இது இன்னும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

நான் கற்றுக்கொடுப்பது தாங் சூ தோ என்ற கொரியத் தற்காப்புக் கலை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, அங்கே மேலாளராக வந்த ஒரு கொரியர், ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீன் கொட்டகையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் வகுப்பிலேயே பெயரைப் பிரித்துக் காட்டினார். தாங் என்பது சீனாவின் தாங் வம்சம், சூ என்றால் கை, தோ என்றால் வழி. சீனாவிடம் ஒகினாவாத் தீவு வாங்கியதை ஜப்பான் வாங்கிக்கொண்டது. ஜப்பான் கொரியாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அது கொரியர்கள் கைக்கு வந்தது. மஞ்சூரியா வழியாகச் சீனாவிலிருந்து நேரே வந்ததும் கொஞ்சம் உண்டு என்பார்கள். பிறகு பல பள்ளிகள் ஒன்றாகி டேக்வாண்டோ ஆனபோது, பெயரிலிருந்த சீனாவையும் கதையிலிருந்த ஜப்பானையும் கழற்றிவிட்டு, இரண்டாயிரம் வருடப் பெருமையை மாட்டிக்கொண்டார்கள். எங்கள் பள்ளி மட்டும் பழைய பெயரை விடவில்லை. பெயரில் சீனா இருப்பதால் என் உதை மெலிந்துவிட்டதா என்று கேட்டு மேலாளர் சிரிப்பார்.

என் கணவருக்கு இரத்மலானையில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தேன். தமிழ் பேசும் இடம்தானே என்று நம்பி வந்தேன். வாயைத் திறந்தால் போதும், "இந்தியாவோ?" என்பார்கள். அதில் வரவேற்பு எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று இன்றுவரை பிடிபடவில்லை. கொட்டாஞ்சேனையில் தொடங்கி வெள்ளவத்தை வரை வகுப்புக்கு இடம் தேடினேன். கடைசியாக ஒரு சின்ன மண்டபம். அதன் செயலாளர் சிவபாதம், ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

"உந்தச் சப்பான் சண்டையெல்லாம் இஞ்ச சரிவராது, பிள்ளை" என்றார்.

"சார், இது நம்ம கலைதான். எங்க காஞ்சிபுரத்துத் துறவி ஒருத்தர் சீனாவுக்குக் கொண்டுபோனது."

எனக்கே நம்பிக்கை இல்லாத கதை அது. துறவி போயிருக்கலாம். அவர் அடிதடி கற்றுக்கொடுத்தார் என்பது பல நூற்றாண்டு கழித்து யாரோ ஒட்டியது. ஆனால் சிவபாதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. மண்டபத்தின் சாவியை அன்றே கொடுத்தார். அடுத்த வாரம் போனால், 'காஞ்சிபுரம் உலகுக்குத் தந்த தமிழர் கலை' என்று சுவரை அடைத்து ஒரு பனர். வாயை மூடிக்கொண்டு அதன் கீழே நான்கு வருடம் வகுப்பு எடுத்தேன்.

எங்கள் பள்ளியில் உச்சப் பெல்ட்டின் நிறம் கருநீலம். கருப்பு முடிந்துபோன நிறம், அதன்மேல் வேறு சாயம் ஏறாது என்பார்கள். அதற்கான தேர்வில் உதைத்தால் மட்டும் போதாது, கலை எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டுரை எழுதிச் சபையில் வாசிக்க வேண்டும். என் மாணவிகளில் அந்தத் தேர்வுவரை வந்த முதல் ஆள் ரிஸ்னா. மாளிகாவத்தையிலிருந்து பஸ் ஏறி வரும் முஸ்லிம் பெண், மருந்துக்கடையில் வேலை. அவள் சீனா, ஒகினாவா, ஜப்பான், கொரியா என்று ஒழுங்காக வாசித்து முடித்தாள். முன்வரிசையிலிருந்து சிவபாதம் எழுந்தார்.

"எங்கட காஞ்சிபுரத்தைக் காணேல்லையே?"

"நான் வாசிச்ச இடத்தில அப்படி இல்ல, அங்கிள்."

அவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தவும் இல்லை. "அவை எங்கட பெருமையை எழுதமாட்டினம், டீச்சர். திருத்தி எழுதச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு பெல்ட்டைக் குடுக்கலாம்."

ரிஸ்னா தாளை என் பக்கம் நீட்டினாள். "மிஸ், நான் எழுதினது பிழையா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பனரைக் கிழித்திருப்பேன். அவர்மேல் பாதி, என்மேல் மீதி. பெல்ட்டை எடுத்து அவள் இடுப்பில் நானே கட்டினேன். "நீ எழுதியது சரி. நான்தான் சாருக்குப் பொய் சொன்னேன், இந்த மண்டபத்துக்காக."

சிவபாதம் பனரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "உங்களுக்கு அங்க பெரிய நாடு கிடக்கு, டீச்சர். ஒரு பெருமை போனால் இன்னொண்டு. எங்களுக்கு இஞ்ச சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சிக் கிடக்கு?" என்றார். ரிஸ்னாவை 'அவை' என்று வேற்று ஆளாகத் தள்ளியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "திறப்பைத் தந்திட்டுப் போங்கோ. உந்தப் பனரையும் கொண்டுபோங்கோ" என்று சாவிக்காகக் கையை நீட்டினார்.

இப்போது தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச மணலில் வகுப்பு நடக்கிறது. தமிழ்ப் பெற்றோரில் பலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். "இந்தியாவில இருந்து வந்து எங்களுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறா" என்று காய்கறிக் கடையில் என் காதுபடவே சொல்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இருக்கும் என் அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஊர்ப் பேரையே கெடுத்துட்டியே" என்று அவனும் எரிந்து விழுந்தான். பனரை எறிய மனம் வரவில்லை. மணலில் கூரான கற்கள் அதிகம் என்பதால் அதைக் கவிழ்த்து விரித்து, அதன்மேல் நின்று பழகுகிறோம். என் ஊரின் பெயர் வெள்ளவத்தை மணலில் முகம் புதைத்துக் கிடக்கிறது, நான் அதை மிதித்துக்கொண்டு நிற்கிறேன். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து எண்ணுகிறேன். செத், நெத்.