சாம்பல் நிறக் காருக்கு வைத்த பொட்டு

காருக்குப் பயப்படுகிற டிரைவர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் என் மாமா, அம்மாவுக்கு அண்ணன். பிறகு எத்தனையோ ஊர்களுக்கு யார் யாருடைய லோரிகளிலோ வேன்களிலோ தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஸ்டீயரிங்கைத் தொடும் முன் மாமாவைப் போல உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டவர் அவர்களில் யாரும் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில், சுபாங் ஜெயாவில், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பணக்காரர் வீட்டின் பின்கட்டில் இருந்தோம். அம்மா அந்த வீட்டில் சமையல், மாமா டிரைவர். அப்பா எப்போதோ போய்விட்டார். எங்கே என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஓர் அறை, தகரம் வேய்ந்த சமையல் மூலை, துணி காயப்போட ஒரு கம்பி. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்பதை அம்மா எனக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மேல்வீட்டுத் தட்டை உடைத்தால் வீடு போகும். மாடிப்படி ஏறினால் வீடு போகும். நாயைக் கல்லால் அடித்தால் வீடு போகும். பள்ளியில் படித்த வாய்ப்பாடுகள் மறந்துவிட்டன, இது மறக்கவில்லை.

டத்தோவின் ஒரே மகனைச் சின்னவர் என்போம். அவர் பாலர் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து ஏற்றிப்போய் இறக்கியவர் மாமாதான். மாமா அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். சின்னவர் தாடையில் தையல் போட்ட தழும்பு ஒன்று உண்டு. அதற்கு முந்தைய வருடம் மலைப்பாதையில் ஒரு காரைக் கவிழ்த்து வாங்கியது. எனக்கு அந்தத் தழும்பு அழகாகத் தெரிந்தது. கதவை உடைத்து அவரை வெளியே இழுத்தது மாமாதான் என்றும், அன்று மாமா போட்டிருந்த சட்டையை அம்மா துவைக்காமல் பிஸ்கட் டின்னில் போட்டு எரித்தாள் என்றும் தெரியும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

அந்த வருடம்தான் புதுக் கார் வந்தது. துணி போர்த்தி, மூடிய லோரியில், கண்ணாடிப் பாத்திரம் போல இறக்கினார்கள். உலகத்துக்கே கொஞ்சம்தான் செய்தார்களாம். காசு இருந்தாலும் கேட்டவருக்கெல்லாம் கிடைக்காதாம். அடுப்புச் சாம்பல் போன்ற நிறம், துளிகூட மினுமினுப்பு இல்லை. இவ்வளவு பெரிய மனிதர் சாயம் வெளுத்த காரை ஏன் வாங்கினார் என்று அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். டத்தோ பழைய ரயில்வே குடும்பம், மெதடிஸ்ட் கிறிஸ்தவர். போதகர் வந்து காரின்மேல் கையை நீட்டி ஜெபித்துவிட்டுப் போனார். கையை நீட்டினாரே ஒழியத் தொடவில்லை. யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை டத்தோ குடும்பத்தோடு ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போனார். மறுநாள் சின்னவர் நண்பர்களோடு புதுக் காரை மலைக்கு ஓட்டிப்போக ஏற்பாடு. "காருக்கு எண்ணெய் போட்டு வை" என்று டத்தோ மாமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் ஊரில் பெட்ரோலை எண்ணெய் என்றுதான் சொல்வோம். எண்ணெய்க்கடை இரண்டு முனை தள்ளித்தான் இருந்தது.

மாமா என்னைக் கூப்பிட்டார். அவர் சட்டைப் பை புடைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன்: எலுமிச்சம்பழங்கள். கையில் பிளாஸ்டிக் பையில் ஒரு தேங்காய்.

"ஏறு பாப்பா. தேங்காய மடியில வச்சுக்க. சீட்ல வைக்கக் கூடாது."

"எங்க மாமா போறோம்?"

"கிள்ளானுக்கு. அம்மாகிட்ட மூச்சு விடாத."

"ஐயா எண்ணெய் போடத்தானே சொன்னாரு?"

"போடுவோம்லா. போற வழியிலதான."

கிள்ளான் வழியில் இல்லை என்பது எனக்கே தெரியும். மாமா ஓட்டிய எந்த வண்டியும் கிள்ளான் முனீஸ்வரர் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஓடியதில்லை. ஆனால் அவையெல்லாம் சாதாரண வண்டிகள், டத்தோ கண்டுகொள்ளாமல் விட்டவை. இந்தக் காருக்கு வாசலில் கேமராவே வைத்திருந்தார்கள். வீடு போகும் காரியங்களின் பட்டியலில் அம்மா இதைச் சேர்க்காததற்குக் காரணம், யாரும் இதைச் செய்வார்கள் என்று அவள் நினைக்காததுதான்.

உள்ளே உட்கார்ந்தால் தரை முதுகில் இடிப்பது போல இருந்தது. என்ஜின் முன்னால் இல்லை, எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரில் வருவதற்குப் பயப்படலாம். முதுகுக்குப் பின்னால் உறுமுவதற்கு எப்படிப் பயப்படுவது என்று தெரியாமல் தேங்காயை இறுக்கிக்கொண்டேன்.

எண்ணெய்க்கடையில் தொடங்கியது. இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"அங்கிள்! இது அதுதானே?"

"எது?" என்றார் மாமா.

"அலாமாக், எதுன்னு கேக்கறாருடா! உலகம் பூரா எத்தனை செஞ்சாங்க தெரியுமா அங்கிள்? நம்ம நாட்டுக்கு வந்ததே ஒண்ணோ ரெண்டோதான். நான் போட்டோலதான் பாத்திருக்கேன்."

"நூறு தொடறதுக்கு எத்தனை செகண்டு, சொல்லுங்க பாப்போம்" என்றான் மற்றவன்.

மாமா எண்ணெய்க் குழாயைப் பிடித்தபடி, குரலைத் தாழ்த்தி, "பிரேக் எப்படி தம்பி? நல்லாப் புடிக்குமா?" என்று கேட்டார்.

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இத வாங்கறவங்க பிரேக்கைக் கேக்க மாட்டாங்கலா அங்கிள்!"

மாமாவும் சிரித்தார். ஆனால் பதிலுக்காக அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் அதற்குள் போனை எடுத்துவிட்டார்கள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறியபோது பின்னால் அந்த இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மட்டும் வந்தன. ஷா ஆலாம் தாண்டும்போது கார்களும் சேர்ந்திருந்தன, தரையோடு தரையாகத் தாழ்த்திய, பின்னால் இறக்கை வைத்த சின்னச் சின்னக் கார்கள். ஒருவன் படம் அனுப்பினால் போதும் போலிருக்கிறது, தேன் சிந்திய இடத்து எறும்பு மாதிரி எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தார்கள். மாமா ஓரத்தில் அறுபதில் போனார். செம்பனை எண்ணெய் லோரி ஒன்று எங்களுக்கு ஹாரன் அடித்து முந்திப் போயிற்று. மோட்டார் சைக்கிள்காரர்கள் கண்ணாடிப் பக்கம் ஒட்டி வந்து, கையை முறுக்கிக் காட்டிக் கத்தினார்கள்: "முறுக்குங்க அங்கிள்! ஒரு தடவ! சத்தம் மட்டும்!"

அவர்கள் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார்கள் என்பது பாதிதான் கேட்டது. எல்லோர் கையிலும் போன். ஒவ்வொரு போனும் டத்தோவின் கண் என்று எனக்குத் தோன்றியது.

"தலையக் குனி பாப்பா. மூஞ்சியக் காட்டாத" என்றார் மாமா. அவர் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தார். நான் சரிந்து, தேங்காய்மேல் முகத்தை வைத்துக்கொண்டேன். வீடு போயிற்று, வீடு போயிற்று என்று காதுக்குள் கேட்டது. தேங்காய் ஈரமாக இருந்தது. அது என் வியர்வை.

கிள்ளானில் லோரி நிறுத்துமிடத்தை ஒட்டி, மரத்தடியில் இருந்தது கோயில். துறைமுகத்துக்குப் போகும் லோரிக்காரர்கள் கும்பிடும் இடம். மாமா நிறுத்தி முடிப்பதற்குள் கூட்டம் சுற்றி வளைத்துவிட்டது. யாரும் கோயில் பக்கம் திரும்பவில்லை. சிலர் மண்டியிட்டுக் காரின் அடியைப் பார்த்தார்கள். குண்டாக ஒருவன் சிலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காரை நெருங்கினான். கோயில் வாசலில் அவன் அதைக் கழற்றியிருப்பானா என்பது சந்தேகம்தான். ஒருவரும் தொடவில்லை. தொடாமல் ஒரு விரற்கடை தூரத்தில் உள்ளங்கையை வைத்து, குளிருக்கு நெருப்புக் காய்வது போல நின்றார்கள்.

பூசாரி ஒருவர் மட்டும் எந்த வியப்பும் இல்லாமல் வெற்றிலை மென்றபடி வந்தார். "புது வண்டியா? பழத்த வை" என்றார்.

அங்கேதான் முதல் சிக்கல். காரின் முகம் தரையை முகர்ந்துகொண்டிருந்தது. முன் சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்க மாமாவின் கை நுழையவில்லை. பூசாரி கையும் நுழையவில்லை. கூட்டம் சிரித்தது. எல்லோர் கண்ணும் என் கைமேல் விழுந்தது.

நான் பின்வாங்கினேன். அடியில் இருட்டாக இருந்தது. படுத்தால் அது என்மேல் ஏறிவிடும் என்று நினைத்தேன். என்ஜின் நின்ற பிறகும் உள்ளே எங்கோ டிக் டிக் என்று சத்தம் வந்தது, தூங்குவதாக நடிக்கிறவரின் மூச்சு மாதிரி.

மாமா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாவியை எடுத்து என் இடது கையில் வைத்து விரல்களை மூடினார்.

"சாவி உங்கிட்ட இருக்கு. இனிமே இத யாராலயும் நகத்த முடியாது. சரியா?"

"ஐயோ, சாவியப் புள்ள கையில குடுக்கறாரே!" என்று யாரோ ஒருவன் பதறினான்.

நான் படுத்தேன். தார் சுட்டது. கன்னத்தில் பொடிக்கல் குத்தியது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பழத்தைச் சக்கரத்தின் வாயில் தள்ளினேன். ரப்பரும் சூடான இரும்பும் நாறின. வெளியே வந்தபோது கூட்டம் கைதட்டியது. எனக்கு என்று நினைத்தேன். காரின் முன் விளக்கு தானாக ஒருமுறை மின்னியதற்காம். சாவியை நான் அழுத்திய அழுத்தில் அது நடந்திருக்கிறது.

பூசாரி திருநீற்றையும் சந்தனத்தையும் தட்டில் குழைத்துக்கொண்டு காரின் முன்னால் வந்தார். விரலைத் தோய்த்தார். அப்போதுதான் கூட்டத்தின் முகம் மாறியது.

"பூசாரி! வேணாம்! வேணாம்!"

"கை வைக்காதீங்க, அது மேட் பெயின்ட்!"

"என்னாடா மேட்டு பள்ளம்" என்றார் பூசாரி. "லோரிக்கு வச்சா லோரி தாங்குது. இவ்வளவு பெரிய வண்டி தாங்காதா?"

குண்டுப் பையன் கிட்டத்தட்ட அழுதான். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அங்கிள், சொன்னாக் கேளுங்க. குங்குமம் புடிச்சா போவாது. தேய்ச்சா இன்னும் மோசம், அந்த எடம் மட்டும் பளபளன்னு ஆயிரும். ஓனருக்குத் தெரிஞ்சிரும் அங்கிள்."

"கண்டிப்பாத் தெரிஞ்சிருமா?"

"குருடனுக்குக்கூடத் தெரியும்."

மாமா காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தில் ஒரு 'வேண்டாம்' வரும் என்று காத்திருந்தேன். தப்பித்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன்; பழம் வைத்தாயிற்று, அது போதும், திரும்பிப் போய்விடலாம், அம்மாவுக்குத் தெரியாது. மாமா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வைங்க பூசாரி" என்றார்.

சாம்பல் நிறத்தின்மேல் மூன்று பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் சிவப்பாகக் குங்குமம். கூட்டத்திலிருந்து இழவு வீட்டில் எழுவது போல ஒரு சத்தம் எழுந்தது. தேங்காயை உடைக்கப் பூசாரி கையை ஓங்கியபோது நாலைந்து பேர் பாய்ந்து காருக்கு முன்னால் சுவராக நின்றார்கள். ஓட்டுச்சில் ஒருவன் முழங்காலில் பட்டு ரத்தம் வந்தது. அவன் முதலில் காரைத் திரும்பிப் பார்த்தான், பிறகுதான் முழங்காலை.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான், "தொடச்சிருவோம் மாமா, தண்ணி தொட்டுத் தொடச்சிருவோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா வழக்கமான அறுபதில்தான் ஓட்டினார். முகத்தில் பயம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மாலை இருட்டும் முன்பே டத்தோ வந்துவிட்டார். எங்களுக்கு முன்னால் வீடியோ ஈப்போவுக்குப் போயிருந்தது. சின்னவர் இருந்த ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்ததாம். பின்னாளில் நானும் அதைப் பார்த்தேன். மாமா அவ்வளவு மறைத்த முகம் அதில் ஓரிடத்திலும் இல்லை. யாரும் அவரைப் படம் எடுக்கவே இல்லை. கார் மட்டும்தான், அதன் கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் என் இரண்டு கால்களும். வீடியோவுக்குக் கீழே எழுதியவர்களில் எத்தனையோ பேர் பெயின்டுக்காக அழுதிருந்தார்கள். கால்கள் யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை.

போர்ட்டிகோவில் டத்தோ குனிந்து பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. சின்னவர் படிக்கட்டில் போனோடு நின்றார். அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து, என்ன நடந்தது என்று தெரியாமலே கும்பிட்டாள்.

"எண்ணெய் போடத்தானே சொன்னேன்?" என்றார் டத்தோ.

"ஆமாங்கய்யா."

"கறை போகாதுன்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்கய்யா."

டத்தோ நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மாமா சாவியைக் கொடுத்தார். நாளைக்குள் அறையைக் காலி செய்துவிடும்படி டத்தோ சொன்னார், மெதுவாக, வேறு யாருக்கோ சொல்வது போல.

அம்மா மாமாவின் முதுகைக் கிள்ளினாள். பேசு என்று அர்த்தம். எத்தனை வருடப் பழக்கம், ஒரு வார்த்தை கெஞ்சினால் ஒரு மாதமாவது இருக்கலாம். என் பள்ளி அங்கேதான் இருந்தது. நானும் மனதுக்குள் பேசு, பேசு என்றேன். மாமா தொப்பியைக் கழற்றினார்.

"தம்பிய நாளைக்கு மெதுவாப் போகச் சொல்லுங்கய்யா" என்றார்.

அவ்வளவுதான். படிக்கட்டில் சின்னவர் போனைத் தாழ்த்தினார். அவர் கை தாடைக்குப் போயிற்று.

மறுநாள் தெரிந்தவர் லோரியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தோம். ஒரு கடைக்கு மேலே, மறைப்புக் கட்டிய அறை. மாமா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டப் போனார். என் பள்ளிக்கூடம் அந்த வருடத்தோடு முடிந்தது. அதன்பிறகு நான் எங்கேயும் நெடுநாள் தங்கியதில்லை. சின்னவர் நன்றாக இருக்கிறார் என்று கேள்வி; இரண்டு பிள்ளைகளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோரியின் பின்னால், பாய்ச்சுருளுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் மாமாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கையைப் பிடிக்க வந்தார்; நான் இழுத்துக்கொண்டேன். பல நாட்கள் அவரோடு பேசவில்லை. பேசுவதற்கு ஒரே ஒரு வாக்கியம் கிடைத்த மனிதர் அதை எங்களுக்காகப் பேசவில்லை என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.