விளையாட்டுக் குழு காட்டுக்குப் போன மூன்று வருடங்கள்

1. நேரம் பிழைத்த முதல் நாள்

நான் அந்த விளையாட்டுக் குழுவில் சேர்ந்தது துப்புரவு வேலைக்கு. சுவிசில், ஓல்டன் நகரத்து ஆற்றங்கரையில் இருந்த இயந்திரத் தொழிற்சாலைக்குச் சொந்தமான ஓர் அடுக்குமாடி. அதன் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறை. கிண்டர்கார்டன் தொடங்க முன்னர், மூன்று வயதுப் பிள்ளைகள் கிழமையில் இரண்டு காலைகள் அங்கே வருவார்கள். இங்கே அதை ஸ்பீல்குறுப்ப என்பார்கள். பதினொன்றரைக்குப் பிள்ளைகள் போன பிறகு நான் நிலம் துடைக்க வேண்டும். நான் நேரத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு ஒன்பதரைக்கே வாளியோடு போய் நின்றேன்.

உள்ளே ஒரே அழுகை. குழுவை நடத்திய ரூத் இடுப்பில் ஒரு பிள்ளையும் காலைக் கட்டிக்கொண்டு இன்னொரு பிள்ளையுமாக நின்றார். மூலையில் ஒரு போர்த்துக்கல் சிறுமி, சப்பாத்தைக் கழற்றமாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது இங்கத்தைய ஜேர்மன் மொழியான டொச்சில் இருபது சொல்தான் தெரியும். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து என் சப்பாத்து ஒன்றைக் கழற்றினேன். அவள் அழுகையை நிறுத்திப் பார்த்தாள். மற்றதையும் கழற்றி இரண்டையும் தட்டித் தாளம் போட்டேன். சிறிது நேரத்தில் அவளும் தன் சப்பாத்தோடு என் பக்கத்தில் இருந்து தட்டினாள்.

போகும்போது ரூத் சொன்னது, டொச்சில்தான், எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "மாலா, அடுத்த முறையும் நேரம் பிழைச்சு வா."

அப்படித்தான் உதவியாளரானேன். பிறகு ரூத்தே என்னைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்.

2. கொழுவிகள்

ஆறேழு வருடம் குறையில்லாமல் ஓடியது. பிறகு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. முதலில் ஒரு ஷிப்ட் நின்றது. பிறகு ஒரு மண்டபம் பூட்டப்பட்டது. அடுத்த வருடம் எல்லாமே முடிந்தது. எங்கள் பிள்ளைகளின் தகப்பன்மார் பாதிப்பேர் அங்கேதான் வேலை செய்தார்கள்.

எனக்கு அந்தக் கஷ்டம் வாசல் கொழுவிகளில்தான் தெரிந்தது. பிள்ளைகள் ஜக்கெற் மாட்டும் கொழுவி ஒவ்வொன்றின் மேலும் ஒரு மிருகத்தின் படம் ஒட்டியிருந்தோம். ஒரு திங்கட்கிழமை நரி வெறுமையாக இருந்தது. அடுத்த கிழமை முயல். பிறகு ஆந்தையும் முள்ளம்பன்றியும். நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒன்பது ஜக்கெற்தான் மிஞ்சியது. வேலை போனவர்கள் செலவைக் குறைக்கத் தொடங்கும்போது முதலில் நிற்பது எங்களைப் போன்ற இடம்தான். சட்டப்படி கட்டாயமில்லை, பிள்ளை வீட்டிலும் விளையாடும் என்று நினைப்பார்கள்.

தை மாதம் கடிதம் வந்தது. கட்டடம் விற்கப்பட்டுவிட்டது, வசந்த விடுமுறையோடு அறையை விடவேண்டும். வேறு இடம் தேடினோம், கிடைக்கவில்லை. ரூத்தும் நானும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியில் இடிக்க, எதிரெதிரே இருந்தோம்.

"வாடகை இல்லாத ஒரு இடம்தான் எனக்குத் தெரியும்" என்றார் ரூத்.

"எங்கை?"

"காடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

3. சுள்ளி

இந்த நாட்டில் காட்டு விளையாட்டுக் குழுக்கள் உண்டு. மழையோ பனியோ, பிள்ளைகளை வெளியில்தான் வைத்திருப்பார்கள். ரூத்துக்கு அது புதிதல்ல. எனக்குத்தான் முடியாது. நான் இந்த நாட்டுக்குள் வந்ததே ஒரு காட்டுக்குள்ளால் நடந்துதான். களவாக எல்லை தாண்டக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் முன்னே, நாங்கள் ஏழு பேர் பின்னே. ஒரு சுள்ளி முறிந்தாலும் எல்லைக் காவலருக்குக் கேட்டிருக்குமோ என்று நிலத்தோடு குந்திவிடுவோம். அதற்குப் பிறகு நான் மரங்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை நடைக்குக்கூடப் போனதில்லை.

அன்றுதான் இதை ரூத்திடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் தன் குட்டிக் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு, "நாளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் போய்ப் பாப்பம். உன்னாலை ஏலாட்டி குழுவை மூடுவம்" என்றார்.

போனோம். நகரத்துக்கு மேலே, கடைசிப் பஸ் தரிப்பிடத்திலிருந்து பத்து நிமிட நடை. காட்டுக்குள் நுழைந்ததும் ரூத் பெரிய குரலில் கதைக்கத் தொடங்கினார். கண்ட சுள்ளியெல்லாம் தேடித்தேடி மிதித்தார். படார் படார் என்று சத்தம்.

"ஏன் இப்பிடிச் சத்தம் போடுறாய்?" என்று கேட்டேன்.

"நாங்கள் ஆருக்கும் ஒளிக்கேல்லை எண்டு உனக்குக் கேக்க வேணுமெல்லோ."

நானும் ஒரு சுள்ளியை மிதித்தேன். முறிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அணில் மட்டும் மரத்தில் ஏறியது. அங்கேயே இருந்து அழுதேன். ரூத் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, குழுவுக்கு எந்த இடம் வசதி என்று காலடி போட்டு அளந்துகொண்டிருந்தார்.

4. வசந்தி

பெற்றோர் கூட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று. "என்ன அக்கா, பிள்ளையளை மழைக்கை விடுறதோ? சளி பிடிச்சால் ஆர் பாக்கிறது?" என்று இரண்டு குடும்பம் அன்றே விலகியது. மூன்றாவது வசந்தி. தொழிற்சாலைக் கன்ரீனில் வேலை செய்து, வேலை போனவர். மகள் ஆரணி எங்களிடம் வந்து அரை வருடம், ஒரு டொச் சொல் வாயால் வரவில்லை. ஆவணியில் அவளுக்குக் கிண்டர்கார்டன்.

"நான் இப்ப வீட்டிலைதானே அக்கா. நானே பாத்துக்கொள்ளுறன்" என்றார் வசந்தி.

கட்டணத்தைக் குறைக்கும் விண்ணப்பத்தை நீட்டினேன். அவர் கையே நீட்டவில்லை. "வேண்டாம். சோசியல் காசு எடுத்தது எண்டு எங்கையும் எழுதினால், விசா புதுப்பிக்கேக்கை கேப்பாங்கள்."

இது அந்த அரசாங்க உதவிப் பணம் இல்லை என்று விளக்கினேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசாப் பயம் பாதி, மீதி வெட்கம். அந்த வெட்கம் எனக்குத் தெரியும். என்ன நினைத்தேனோ, கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வேறொன்று கேட்டேன்.

"அப்ப எனக்கொரு உதவி செய்வீரோ வசந்தி? காட்டிலை பிள்ளையளுக்குச் சூடா ஏதும் குடுக்க வேணும். எனக்கும் ரூத்துக்கும் பிள்ளையளைப் பாக்கவே நேரம் காணாது. நீர் வந்து சமைச்சுத் தந்தால் ஆரணிக்குக் காசு தேவையில்லை."

அவர் தலை நிமிர்ந்தது. "எத்தினை பேருக்கு?" என்றார்.

முதல் நாள் நல்ல மழை. விறகெல்லாம் ஈரம். மார்ட்டின் என்ற சுவிஸ் தகப்பன், தொழிற்சாலையில் முப்பது வருடம் கருவிகள் செய்தவர், தீப்பெட்டியோடு தோற்றுப்போய் நின்றார். வேலைநாளில் காலையில் பிள்ளையோடு வரவே கூச்சப்பட்ட மனிதர் அவர். வசந்தி அவரை விலக்கிவிட்டுக் குனிந்து ஊதினார். நெருப்பு பிடித்தது. பருப்பும் கரட்டும் போட்ட சூப் கொதித்தது. மார்ட்டின் தன்பங்குக்கு விழுந்த கிளைகளை வட்டமாக அடுக்கிப் பின்னி, பிள்ளைகள் சாய்ந்திருக்க ஒரு காட்டுச் சோபா கட்டினார்.

இரண்டாம் மாதம், சேற்றுக்குள் குந்தியிருந்த ஆரணி திடீரென்று, "லுவேக்! ஷ்னேக்!" என்று கத்தினாள். பார், நத்தை. சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்த வசந்தி அகப்பையோடு ஓடி வந்தார். "அக்கா, இவள் டொச்சோ கதைச்சவள்?"

"ஓம். அதுவும் சுவிஸ் டொச்."

ஆரணி ஆவணியில் கிண்டர்கார்டன் போனாள். வசந்தி எங்களோடேயே நின்றார். காட்டில் அவருக்கு நாங்கள் கொடுத்தது சிறு சம்பளம்தான். விலகிய குடும்பங்களில் ஒன்று அடுத்த வருடம் தங்கள் சின்னவனைக் கொண்டுவந்தது. மூன்று வருடம் அப்படி ஓடினோம். பிறகு புதிய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நகரசபை எங்களுக்கு ஓர் அறை தந்தது. ரூத் ஓய்வுபெற்றதும் குழுவை நான் நடத்தினேன். இந்தக் கோடையில் நானும் ஓய்வுபெற்றேன். பெரிய பெரிய இடங்களெல்லாம் மூடிய காலத்தில் எங்கள் சின்ன இடம் மூடவில்லை.

காட்டின் கடைசி வருடம், ஒரு நாள் காலை வசந்தி கண் கலங்கி வந்தார். ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"முதியோர் இல்லக் குசினியிலை வேலை கிடைச்சிட்டுது அக்கா. முழுநேரம்."

"அதுக்கு ஏன் அழுகிறீர்?"

"இனி இஞ்சை வரேலாதே."

வசந்தியின் கடைசி நாளில், தன் பிள்ளை கிண்டர்கார்டன் போன பிறகும் உதவிக்கு வந்துகொண்டிருந்த மார்ட்டின் சமையல் தராசு ஒன்று கொண்டுவந்தார். இனிச் சூப் அவருடைய பொறுப்பு. உப்பு எவ்வளவு என்று கேட்டால் வசந்தி, "கையாலை ஒரு பிடி" என்றார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிழைக்காமல் வேலை செய்தவருக்கு அது போதவில்லை. வசந்தியின் கையிலிருந்த உப்பைத் தராசில் கொட்டச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, கொப்பியில் எழுதினார்.

இந்த வேலைக்கு இப்போது வரும் இளம் பெண்கள் நிறையப் படித்து வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. கஷ்டப்படும் தாய் தகப்பன் வாசலில் வந்து பிள்ளையை நிறுத்தப்போகிறேன் என்றால், என்ன உதவி வேண்டும் என்று கேளாதேயுங்கள். அவர்களிடம் ஓர் உதவி கேளுங்கள்.