பங்களா வாசலில் துட்டி

உத்தமபாளையம் சந்தையில் வெற்றிலை விற்கிற பவுனுக்கு வாய் பெரிது. அவள் இங்கே விலை சொன்னால் ஆற்றுக்கு அக்கரையில் குளிக்கிறவன் அங்கிருந்தே குறைத்துக் கேட்பான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தாயும் தகப்பனும் ஒரே காலராவில் போய்ச் சேர்ந்த பிறகு, இடுப்பளவு உயரத்தில் நின்ற தம்பி தவசியை வளர்த்து ஆளாக்கியது அந்த வாய்தான். இப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது. மலைமேல் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் காட்டுக்குள் பதுங்கித் திரிந்த ஐந்து கொள்ளைக்காரர்கள் அந்தத் தோட்டத்தில் புகுந்தார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் பத்தொன்பது கூலியாட்களை அடைத்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு மூட்டை அரிசி கொடுத்து, எல்லை தாண்டிப் போக வழியும் விட்டால் ஒருத்தர் மேலும் கை வைக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர்கள் மலையேறிப் போய்ப் பேசி முடித்தும் விட்டார்கள். மறுநாள் உச்சிப்பொழுதுக்கு அரிசி போகும், ஆட்கள் வருவார்கள். விடிகாலையிலேயே மாட்டு முதுகில் மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, மலைப் பாதையைப் பார்த்தபடி ஊரே தெருவில் நின்றது. பவுனு அன்று கூடையைத் தொடவே இல்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வெளியூரிலிருந்து ஒரு தனிப் போலீஸ் படை வந்து இறங்கியது. அதற்குத் தலைவனாக வந்த அதிகாரிக்குக் கொள்ளைக்காரனோடு ஊரார் பேச்சு வார்த்தை நடத்துவதா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அரிசியைப் பாதி வழியில் மடக்கினான். ஸ்டோரைச் சுற்றி ஈர வைக்கோலைப் போட்டுக் கொளுத்தச் சொன்னான். புகை போட்டால் எலி வெளியே வரும் என்றானாம். எலி ஐந்தும் பின்பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஓடியே போய்விட்டன. மூச்சு முட்டி முன்வாசலில் தள்ளாடி வந்தவர்கள் மேல்தான் குண்டு பாய்ந்தது. ஆறு பேர் விழுந்தார்கள். ஆறு பேருமே கூலியாட்கள்.

உடல்கள் மலையிலிருந்து இறங்கிய சாயங்காலம் ஊர் பற்றி எரிந்தது. ராவுத்தர்கள் கடைகளைச் சாத்தினார்கள். வண்டிக்காரர்கள் நடுரோட்டில் நுகத்தடியை இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த அதிகாரி தங்கியிருந்த பங்களாவின் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. உடனே தடையுத்தரவு வந்தது. ஐந்து பேர் சேர்ந்து நின்றால் பிடித்து உள்ளே போடுவார்கள்.

ஐந்து உடல்களை அந்தந்த வீட்டில் கொடுத்தார்கள். தவசியைக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், ஆறு பேரைச் சுட்டும் ஒரு கொள்ளைக்காரன்கூட விழவில்லை என்று மேலே எப்படி எழுதுவது? தவசி கருப்புக் கம்பளி போர்த்தியிருந்தான், கருத்தம்மாள் என்ற கூலிக்காரியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வந்தான், ஆகவே அவன் கொள்ளைக்காரர்களுக்கு உளவாளி என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கருத்தம்மாளும் செத்துப் போனாள், சாட்சி சொல்ல வழியில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் பங்களாவின் பின்னாலேயே குழி தோண்டிப் புதைத்துவிட உத்தரவு.

பவுனு பங்களா வாசலில் போய் நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். துப்பாக்கிக் கட்டையால் தள்ளி விட்டார்கள். திரும்பி வரும் வழியில் தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவன் போனான். தடையுத்தரவு இருந்தாலும், சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, போகிறவர்கள் நாலு நாலு பேராகப் போய் வரலாம் என்று சப் மாஜிஸ்ட்ரேட் இரக்கப்பட்டு விதிவிலக்குக் கொடுத்திருந்தார். பவுனு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். தமுக்கடிக்கிறவனை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

விடிந்ததும் ஒரு கோரைப்பாயைத் தூக்கிக்கொண்டு நேரே பங்களாவுக்குப் போனாள். வாசல் கம்பிக் கதவுக்கு எதிரே புளியமரத்தடியில் பாயை விரித்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரன் என்ன என்று அதட்டினான்.

"எந் தம்பி எங்கன கெடக்கானோ, அங்கனதான் எனக்குத் துட்டி வீடு," என்றாள்.

முதலில் பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலு பேரும் பவுனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம் உட்கார்ந்து, வழக்கப்படி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். துட்டி கேட்பது என்றால் சும்மா இல்லை. ஊருக்கே தெரிந்த சாவானாலும், வந்தவர் கேட்கத்தான் வேண்டும், பறிகொடுத்தவர் முதலிலிருந்து சொல்லத்தான் வேண்டும். பவுனு சொன்னாள். அரிசி போனது, மடக்கியது, புகை போட்டது, பேச்சை மீறிச் சுட்டது, எல்லாவற்றையும் பங்களா ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நாலு பேர் எழுந்து போனார்கள். அடுத்த நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

பத்து மணிக்குள் சேதி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. ஓடைப்பட்டியிலிருந்து வந்தார்கள், குச்சனூரிலிருந்து வந்தார்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்து ராவுத்தர்கள் குல்லாயோடு வந்து கைகட்டி உட்கார்ந்தார்கள். நாலு பேர், கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாலு பேர் என்று ஆற்றங்கரை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். கூட்டம் கூடாதபடி பார்க்க வந்த போலீசாரே நாலு நாலாக எண்ணி அனுப்புகிற வேலையைச் செய்யும்படி ஆயிற்று. அதிகாரி உள்ளேயிருந்து வந்து, இவர்களைக் கலைத்து விரட்டு என்று குதித்தான். சப் மாஜிஸ்ட்ரேட் தன் உத்தரவைத் தானே இரண்டு தரம் படித்துப் பார்த்தார். துட்டி கேட்க நாலு பேர்தானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். கேட்டவர்களுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது.

கம்பிக் கதவுக் காவலில் நின்றவன் பெயர் இஞ்ஞாசிமுத்து. பக்கத்து வேதக்கார ஊர்ப் பிள்ளை, கிறிஸ்தவன். மலைப் பாதை தெரிந்தவன் என்று அந்தப் படையோடு அனுப்பியிருந்தார்கள். பவுனு சொன்னதை அவன் காலையிலிருந்து நாற்பது தடவை கேட்டுவிட்டான். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரே இடத்தில் வந்து தடுமாறினாள். உள்ளே இருந்தவர்களுக்குப் புகையில் கண் தெரியவில்லை, தவசி வெளியே ஓடினான் என்று மட்டும் சொல்கிறார்கள், அதற்கு மேல் என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை என்பாள். அந்த இடம் வரும்போதெல்லாம் இஞ்ஞாசிமுத்து வேறு பக்கம் பார்ப்பான்.

பொழுது மேற்கே சரிந்தது. பங்களாவின் பின்னால் கடப்பாரை மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது. பவுனு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எத்தனை பேர் வந்து கேட்டு என்ன, இன்னும் கொஞ்ச நேரத்தில் கொள்ளைக்காரன் என்ற பேரோடு தம்பி மண்ணுக்குள் போய்விடுவான். அப்போது ஓடைப்பட்டிக்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒரு கிழவர் என்ன ஆச்சு ஆத்தா என்று கேட்டார். பவுனு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், தொண்டை அடைத்தே போய்விட்டது. சந்தையை அலற வைத்த வாயில் ஒரு எழுத்து வரவில்லை. அவள் இரண்டு கையாலும் பாயில் அடித்தாள்.

இஞ்ஞாசிமுத்து துப்பாக்கியைக் கதவில் சாய்த்து வைத்தான். வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நாஞ் சொல்றேன். தவசி ஓடி வரல, நடந்து வந்தாக. கருத்தம்மாவுக்குக் கால் பிசகி நடக்க மாட்டாமக் கெடந்துச்சு. அதை முதுகுல தூக்கிக்கிட்டு வந்தாக. மறைப்புக்குன்னா முன்னாடில்ல புடிப்பாக? ஒரு கையில துண்டை ஆட்டிக்கிட்டே, 'சுடாதீக, நாங்க கூலியாளுக'ன்னு சொன்னாக. எனக்குக் கேட்டுச்சு. எங்க எல்லாருக்குமே கேட்டுச்சு."

ஓடைப்பட்டிக் கிழவர் அவன் முகத்தையே பார்த்தார். "நீயும் சுட்டியாலே?"

"சுட்டேன்."

பவுனு அவன் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தாள். இன்னொன்றும் அறைந்தாள். அவன் வாங்கிக்கொண்டான். அதிகாரி பாய்ந்து வந்து, இவனை உள்ளே இழுத்துப் போங்கள் என்று கத்தினான். இரண்டு பேர் வந்து இஞ்ஞாசிமுத்துவின் தோளைப் பிடித்தார்கள். பவுனு சட்டையை விடவில்லை. அறைந்த அதே கையால் அவனைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், இல்லை, அவள் சாகிற வரைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அவனை விட்டால் தம்பி போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆற்றங்கரை வரைக்கும் நாலு நாலாக நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே மொத்தமாக நடந்து வந்தார்கள். ஒருத்தரும் கல்லை எடுக்கவில்லை. வந்து புளியமரத்தைச் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். கடப்பாரைச் சத்தம் தானாக நின்றது.

சப் மாஜிஸ்ட்ரேட் ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவரச் சொல்லி, மரத்தடியிலேயே உட்கார்ந்து இஞ்ஞாசிமுத்துவின் வாக்குமூலத்தை எழுதினார். பிறகு உடலை ஒப்படைக்கிற காகிதத்தை எழுதி, ரேகை வைக்கச் சொல்லி மைப் பெட்டியை நீட்டினார். பவுனு காகிதத்தை வாங்கி இஞ்ஞாசிமுத்துவின் மடியில் போட்டு, படி என்று சைகை காட்டினாள்.

அவன் படித்தான். இறந்தவர் பெயர் தவசி. தொழில், ஏலத்தோட்டக் கூலி. இறந்த விதம், தவறிக் குண்டு பட்டு.

பவுனு முடியாது என்று தலையை ஆட்டினாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். சப் மாஜிஸ்ட்ரேட் அதிகாரியைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார், பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். யோசித்து யோசித்து வேறொன்று எழுதிக் கொடுத்தார்.

இஞ்ஞாசிமுத்து படித்தான். "இறந்த விதம், நடக்க முடியாத பெண்ணை முதுகில் சுமந்து வெளியே வந்தபோது, போலீசார் சுட்டதில்."

இன்னொரு தரம் படி என்று கையைக் காட்டினாள். படித்தான். இன்னொரு தரம் என்றாள். மூன்றாவது தடவை அவன் குரல் உடைந்து பாதியில் நின்றது. மீதியை ஓடைப்பட்டிக் கிழவர் மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். பவுனு விரலை மையில் அழுத்தி ரேகை வைத்தாள். கம்பிக் கதவைத் திறந்தார்கள். அவள் உள்ளே போய்த் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவன் முகத்துப் புகைக்கரியைத் துடைத்தாள்.