கரண்ட் கார் ஏறாத மேடு

எங்களுக்குக் கல்யாணமான முதல் வருஷம் அது, 2005. மரக்காணம் கடைத்தெருவில் என் கணவர் பேட்டரி கடை வைத்திருந்தார். லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் வரும். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்திருந்த நானும் கடைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் காலையில் நாலு பேர் ஒரு குட்டிக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். பின்னாலேயே வியர்த்து வழிய வந்தார் ஓர் உப்பள முதலாளி.

"பெட்ரோல் தீந்துடுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"கரண்ட்ல ஓடற காரும்மா இது. குயிலாப்பாளையத்துல ஒரு வெள்ளைக்காரர்கிட்ட ஆசையா வாங்கினேன். சமதரையில பூ மாதிரி போவுது. எங்க உப்பளத்து மேட்டுல மட்டும் படுத்துக்குது. மோட்டார் போச்சுன்றாங்க. அதான் ஓட்ட பயந்துகிட்டு தள்ளிட்டு வந்தோம்."

எங்கள் இருவருக்கும் கை பரபரத்தது. அப்படியொரு காரை நாங்கள் தொட்டதே இல்லை. சீட்டுகளைத் தூக்கினால் அடியில் எட்டு பேட்டரிகள், ஒவ்வொன்றும் ஆறு வோல்ட். மீட்டர் வைத்துப் பார்த்தோம். எட்டும் சரியாகவே காட்டின.

"நிக்கும்போது எல்லாமே நல்ல புள்ளதான். மேடு ஏறும்போதுதான் எது ஏமாத்துதுன்னு தெரியும்" என்றார் கணவர்.

"அப்ப ஏறும்போதே பாத்துடலாங்க."

ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒயர் இழுத்து, டேப் சுற்றி, சீட்டுகளைத் திரும்ப மாட்டினோம். மத்தியானம் வரை சார்ஜ் போட்டுவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பினோம். முதலாளி ஓட்ட, பக்கத்தில் கணவர். பின்சீட்டில் மடி நிறைய ஒயரும் கையில் வோல்ட் மீட்டருமாக நான். சத்தமே இல்லாத கார், உள்ளே நான் மட்டும் "ஆறு! ஆறு!" என்று கத்திக்கொண்டிருந்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மேடு வந்தது. கார் முனகியது. அடுத்த ஒயருக்கு மாறினேன்.

"மூணரை!"

நான் கத்திய கத்தலில் முதலாளி பயந்து பிரேக்கை மிதித்துவிட்டார். "என்னம்மா, வெடிச்சிடுமா?"

"இல்லீங்க! ஆள் சிக்கிட்டான்!"

கடைக்கு வந்து அந்த பேட்டரியை மட்டும் வெளியே எடுத்தோம். அதன் மூன்று அறைகளில் நடு அறையின் மூடியில் மயிரிழை விரிசல். உள்ளே தண்ணீர் வற்றி, தகடுகள் வெளியே தெரிந்தன. மூடியை மாற்றி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, அதைத் தனியாக மெதுவாகச் சார்ஜ் ஏற்றினோம். தேறுமா என்று எங்களுக்கே நிச்சயமில்லை. சார்ஜ் ஏற ஏற, உயிர் வந்ததற்கு அடையாளமாக நடு அறையிலும் குமிழிகள் கிளம்பின. அதைப் பார்த்துக் கணவர் என் கையைப் பிடித்துக் குதித்தார். வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் கூச்சப்பட்டுத் திரும்பிக்கொண்டார்.

அதை மாட்டிக்கொண்டு போனபோது கார் ஒரே மூச்சில் மேடேறியது. உச்சியில் முதலாளி இறங்கி ஆடியே விட்டார். பிறகு என்னிடம் சாவியை நீட்டினார்.

"ஏம்மா, நீ ஓட்டு."

"எனக்கு சைக்கிள்தாங்க தெரியும்!"

"இதுல கியரே கிடையாதும்மா. மிதிச்சா போவும், விட்டா நின்னுடும்."

மிதித்தேன். கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. "ஏய், பாத்தி! பாத்தி!" என்று பின்சீட்டிலிருந்து கணவர் அலறினார். இருபுறமும் பாத்திகளில் உப்புத் தண்ணீர் பளபளக்க, நடுவே அந்த வரப்புச் சாலையில், வாய் வலிக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். கடைசிவரை ஹாரன் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.