இரண்டு உழவு மழை

நீர்க் கணக்குப் போடும் அலுவலகத்தாரே, எங்கள் பயிரைக் காயப்போடப் பார்த்தது நீங்கள்தான். வெயில் அல்ல.

போன புரட்டாசி. தொப்பம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரம். கிணற்றில் சேறுதான். வாய்க்காலில் ஒரு தண்ணீர் வந்தால் பயிர் பிழைக்கும், இல்லாவிட்டால் வெட்டி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

அப்போதுதான் உங்கள் ஆட்கள் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டுத் திரையில் படம் காட்டினார்கள். செயற்கைக்கோளையும் வானிலைக் கணிப்பையும் வைத்து ஆற்றுப் படுகை முழுக்கக் கணக்கு எடுத்தார்களாம். பெய்த மழை எவ்வளவு, பயிர் குடித்தது எவ்வளவு, வெயிலில் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று. எங்கள் ஊர் மேல் ஒரே நீலம். மண்ணில் ஈரம் போதுமாம், அதனால் இந்த முறை எங்கள் வாய்க்காலுக்கு அணைத் தண்ணீர் கிடையாதாம்.

"வானத்துல இருந்து பாத்தானாமா, நம்ம காட்டுல தண்ணி வழியுதாமா" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் காட்டிய பெண் பொறியாளரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஏசி அறையில் உட்கார்ந்தவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் என் தோட்டம் எங்கே என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் மட்டும் ஸ்கூட்டரில் என் தோட்டத்துக்கு வந்தார். மண்வெட்டியை வாங்கி அவரே வெட்டினார். முழங்கை ஆழத்திலும் புழுதிதான். பிறகு கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"செயற்கைக்கோள் இங்க ஈரம் கம்மின்னுதானுங்க சொல்லியிருக்கு. தரையில இருந்து வந்த மழை அளவு அதிகமா இருந்துச்சு. அதை நம்பி ஈரக் கணக்கையும் கூட்டிப் போட்டுட்டோம். அதைச் சொன்னது யாருங்க?"

சொன்னது நான்தான்.

நான் பார்த்துவந்த ஊர் மழைமானி உடைந்த நாளிலிருந்து உங்கள் அலுவலகத்திலிருந்து போன் செய்து என்னிடம்தான் கேட்பார்கள். நான் எங்கள் வழக்கப்படி ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்பேன். கலப்பை இறங்கும் ஆழத்துக்கு ஈரம் போனால் ஒரு உழவு. எதிர்முனையில் அதை மில்லிமீட்டராக்கி எழுதிக்கொண்டார்கள். கரிசலுக்குச் சொல்லும் அளவை வைத்து எழுதியிருக்கிறார்கள். என்னுடையது செம்மண்.

அந்தப் பெண் அடி வெட்டிய இரண்டு பெயின்ட் டப்பாக்களைக் கேட்டு வாங்கினார். ஒன்றை என் தோட்டத்திலும் இன்னொன்றை வாய்க்காலுக்குக் கீழே இருக்கும் கரிசலிலும் பதித்து, இரண்டிலும் ஒரே சொம்பால் அளந்து தண்ணீர் ஊற்றினார். உறிஞ்சி முடித்ததும் தோண்டிப் பார்த்தோம். செம்மண்ணில் ஒரு சாணுக்கு மேல் ஈரம், கரிசலில் நாலு விரல்தான். சின்ன மழையே என் காட்டில் இரண்டு உழவு ஆகிவிடும். கரிசலில் அவ்வளவு ஆழம் நனையப் பெரிய மழை வேண்டும்; அந்தக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நேற்றுப் பேசியது தப்பு என்றேன்.

"நீங்க திட்டலைன்னா நான் இங்க வந்தே இருக்க மாட்டேனுங்க" என்றார்.

கணக்கைத் திருத்தி மேலே அனுப்பினார். நாலாம் நாள் காலை மதகு திறந்தது. வாய்க்காலில் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று ஏக்கரும் தேறியது.

என் மண் எது என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. அதை ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டேன். போனை எடுத்த உங்களில் ஒருவர்கூட, "எந்த மண்ணுங்க?" என்று கேட்கவில்லையே. இப்படி இன்னும் எத்தனை ஊரின் மழையைத் தப்பாக எழுதி வைத்திருக்கிறீர்கள்? அடுத்த கிராம சபைக்கு வந்து, மைக்கைப் பிடித்து, உங்கள் தப்பையும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.