பெடலிலிருந்து எடுத்த கால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பிரெஞ்சுக்கார முசேயிடம் என் வீட்டுக்காரர் அதை வாங்கி, கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கடற்காற்றைத்தான் வாய் ஓயாமல் திட்டுவார். உப்புக் காற்று பட்டு அந்தக் காரில் முதலில் துருப்பிடிப்பது பிரேக் ஸ்க்ரூதான்.

ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்திலும் சுண்டுவிரல் நுனியளவுக்கு ஒரு ஸ்க்ரூ இருக்கும். பெடலை அழுத்தினால் எண்ணெய் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் தலையணை மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை வெளியேற்றுவது தனி ஆளால் ஆகிற வேலையில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் தரையில் படுத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி, எண்ணெயோடு குமிழ் வெளியே வந்ததும் இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால் குழாய் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் வீட்டில் உள்ளே உட்காருகிற ஆள் நான்.

"இன்னாம்மா, கார் ஓட்டக் கத்துக்கினியா?" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

"ஓட்டத் தெரியாது, நிறுத்த மட்டும்தான் தெரியும்" என்பேன்.

மழைக்காலம் வருமுன் அவர் ஸ்க்ரூக்களைக் கழற்றித் துருவைத் துடைத்து, மரையில் விளக்கெண்ணெய் தடவி மாட்டுவார். ஸ்க்ரூவின் வாயில் தண்ணீர் இறங்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூடி செய்வார். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பின்சக்கரத்து ஸ்க்ரூ ஒன்று இறுகிப்போய், திருகும்போது தலை முறிந்துவிட்டது. மிச்சத்தைக் குடைந்தெடுத்துப் புது ஸ்க்ரூ மாட்டி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காற்று எடுக்க உட்காரப் போகிறோம், செஞ்சிப் பக்கத்திலிருந்து ஆள் வந்தான். என் மாமியாருக்கு ரொம்ப முடியவில்லை, மகனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றான். சொல்லிவிட்டு முதலியார்பேட்டையில் இருந்த உறவுக்காரர்களுக்குத் தகவல் சொல்லப் போய்விட்டான்.

மாமியார் எங்களோடு இருந்தவர்தான். மீன் குழம்பில் தொடங்கிய ஒரு சண்டை எங்கெங்கோ போய், கோபித்துக்கொண்டு செஞ்சிப் பக்கத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்ப வரச்சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. வீடு அமைதியாக இருந்தது, எனக்கு அது பிடித்துமிருந்தது. ஆனால் அந்த அம்மா போட்ட பழக்கங்கள் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கோயிலில் மத்தியானச் செப மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும். புதுசாக வந்த காலத்தில் நான் எழத் தாமதித்தால் தோளில் ஒரு இடி விழும்.

செஞ்சிக்கு இனி சாயங்கால பஸ்தான். காரைக் கிளப்பிவிட்டால் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"அப்படியே புடி... ம், வுடு."

காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பெடல் கெட்டிப்பட்டு வந்தது. பாட்டிலில் பிரேக் எண்ணெய் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு தபா, அவ்ளோதான்" என்றார். அழுத்தினேன். "புடி" என்றார்.

மணி அடித்தது. நான் காரைவிட்டு இறங்கி, கோயில் பக்கம் திரும்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

அடியிலிருந்து அவர் குரல் வந்தது: "நான் இன்னும் மூடலியே."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. பெடலை அழுத்திப் பார்த்தார். கால் தரைவரைக்கும் போயிற்று. மறுபடி காற்று எடுக்க எண்ணெய் போதாது. அந்த எண்ணெய் விற்பது பாய் கடையில் மட்டும்தான். ஓடிப் போய்ப் பார்த்தால், ஜும்மா தொழுகைக்காகக் கடை சாத்தியிருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் அவர் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். பாய் வந்து, விஷயத்தைக் கேட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் எண்ணெயை எடுத்துக் கொடுத்தாராம்.

வேலை முடிந்து நாங்கள் பிரெஞ்சு எல்லைச் சுங்கச்சாவடி தாண்டும்போது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. பழக்கத்தில்தான் இறங்கினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பழக்கம்தானா? மாமியாரின் முகத்தை மறுபடி பார்க்க வேண்டாம் என்று உள்ளே எதுவோ நினைத்ததால் கால் தானாக எழுந்துவிட்டதா? செபத்தில் அத்தைக்காக ஒரு சொல்லாவது சேர்த்துக்கொண்டேனா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை. ஒரு மகனுக்கும் அவனைப் பெற்றவளுக்கும் நடுவில் என் கால் வந்துவிட்டது என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. எதிரே மாடு வந்து அவர் பிரேக் போட்டபோதெல்லாம் கார் நன்றாகத்தான் நின்றது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் குற்றவுணர்ச்சியாக இருந்தது.

நாத்தனார் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உள்ளே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அவர் நேரே போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அண்ணி, என்னாலதான் லேட்டாயிடுச்சு. நான் காலை எடுத்துட்டேன். இல்லன்னா அவரு மத்தியானமே கிளம்பியிருப்பாரு. அத்தைய உயிரோட பார்த்திருப்பாரு."

நாத்தனார் என் தலையைத் தடவினார். "நீ இன்னாத்துக்குடி அழுவுற? அம்மா பொழுது விடியறதுக்குள்ளவே போயிட்டாங்க. சேதி சொல்ல வந்த ஆளு ஏறின பஸ்ஸு அப்போ ஊரைக்கூடத் தாண்டியிருக்காது."

அப்பாடா.

அழுகைச் சத்தம் சட்டென்று அடங்கியது. பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் தலைமாட்டிலிருந்து என் வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான், அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.