ஆரஞ்சுத் தூசி

இஸ்திரிக்காரர் வேலையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் சித்தியின் சலவைக் கடையில் மூட்டையை இறக்கியதும் அன்றுதான். உள்ளே அவர் தன் கைக்குட்டையை விரித்துச் சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"தும்மினா என்ன கலர்ல வருது பாரு. நீ துவைக்கிற லாட்ஜ் போர்வை கலரு!"

"நல்ல கலர்தானேண்ணே."

"சிரிக்காதம்மா. உன் கடையில காத்தே கம்பளியா இருக்கு. நெஞ்சு அடைக்குது எனக்கு."

தன் சொந்த இஸ்திரிப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். சித்தி வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கடை திறந்த நாளிலிருந்து துவைப்பு இவள், தேய்ப்பு அவர். அவர் இல்லாவிட்டால் கடைக்கு ஒரு கால் போன மாதிரி.

சித்தி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாடுகூட நின்றபடிதான். வீடு வீடாகத் துணி வாங்கிக் கையால் துவைத்தவள், பழைய மெஷின் இரண்டு வாங்கி மூத்தவன், சின்னவன் என்று பெயர் வைத்தாள். பிறகு வந்த டிரையருக்கு மாப்பிள்ளை என்று பெயர். "சத்தம் ஜாஸ்தி, தின்கிற கரண்டும் ஜாஸ்தி. ஒரு வார்த்தை சொல்ல முடியுதா?"

அன்று மாலை விளக்குமாற்றோடு கிளம்பினாள். ஜன்னல் வலையில் ஆரஞ்சு. மாப்பிள்ளையின் குழாய் சந்துக்குள் ஊதும் இடத்தில் ஒட்டடையெல்லாம் ஆரஞ்சு. எதிர் பேக்கரியின் சுவர் விளிம்பிலும் அதேதான். பின்பக்கம் எங்கள் சோப்புத் தண்ணீர் கால்வாயில் விழும் கல்லில் அது பாசி மாதிரி படர்ந்திருந்தது.

"ஏண்டி, இதுக்கு முன்னாடி லாட்ஜ்காரங்க போர்வை சாம்பல் கலரு," என்றாள். "அப்பவும் இப்படித்தானே பறந்திருக்கும்? ரோட்டுத் தூசின்னு வர்ற லாரியை எல்லாம் திட்டித் தீர்த்தேனே!"

மறுநாள் கழிவுத் தண்ணீர்க் குழாயின் வாயில் ஒரு பழைய சாக்ஸைக் கட்டினாள். சாயங்காலம் அது செத்த எலி மாதிரி கனத்துத் தொங்கியது. உள்ளே இருந்ததில் ஒரு சிட்டிகை எடுத்துத் தகர மூடியில் வைத்துக் கொளுத்தினாள். சாம்பல் ஆகவில்லை. சுருண்டு கறுப்பு மணியானது. மூக்கைப் பிடித்துக்கொண்டோம்.

"கம்பளின்னு நெனச்சேன். இத்தனை நாளா பிளாஸ்டிக்கைத் துவைச்சிருக்கேன்." அவள் பார்வை ஆணியில் தொங்கிய என் நீலக் குளிர் ஜாக்கெட்டில் விழுந்தது. "இதுவும் அதே குடும்பம்தான். எங்கெங்கடி துவைச்சே?"

"போன இடத்துல எல்லாம்."

லாட்ஜ் மேனேஜரை போனில் பிடித்தாள்.

"அக்கா, அது சாதாரண போர்வை இல்ல. பழைய பாட்டிலை உருக்கிச் செஞ்சது. பூமிக்கு நல்லது. வர்றவங்க எல்லாம் பாராட்டுறாங்க."

"பாட்டிலா கெடந்தா குனிஞ்சு பொறுக்கலாம் தம்பி. இதை எப்படிப் பொறுக்குறது? பருத்தி வாங்குங்களேன்."

"பருத்தி காயறதுக்குள்ள அடுத்த ஆள் ரூமுக்கு வந்துடுவார். முடியலைன்னா சொல்லுங்க, வேற கடை பாத்துக்கிறோம்."

போனை வைத்துவிட்டு மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாள். கடையில் பாதி வேலை அந்தப் போர்வைகள்தான். "அண்ணன் வரணும்னா இது போகணும்," என்றாள்.

"அந்த வேற கடைத் தண்ணியும் இதே கால்வாய்லதானே விழும்?"

"விழும். தெரியாமலா இருக்கு? நீ வேற கிளறாதே."

காலையில் போர்வை வண்டி வந்தது. சித்தி கதவில் கையை ஊன்றி நின்று, இறக்கவிடாமல் திருப்பி அனுப்பினாள்.

அதன்பிறகு சின்னவன் பல நாள் சும்மா கிடந்தான். சித்தி சுவர், விளிம்பு, மின்விசிறி இறக்கை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தாள். சட்டைகளைத் தானே தேய்த்து இரண்டு காலரைப் பொசுக்கினாள். இஸ்திரிக்காரர் போனை எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினாள்: "கடை சுத்தமா இருக்குண்ணே. வந்து தும்மிப் பாருங்க." பதில் இல்லை.

சாக்ஸை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. வீட்டுத் துணியிலிருந்தும் கொஞ்சம் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. குப்பை லாரியும் அந்தக் கால்வாய்க் கரையில்தான் கொட்டும் என்பதால், சேர்ந்ததைப் பெயின்ட் வாளியில் போட்டு இறுக்கி மூடினாள். வாளி நிறைந்தது. இன்னொன்று வந்தது. அவற்றை எங்கே கொண்டுபோவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மழைக்காலம் முழுக்கப் போனபிறகு ஒரு நாள், ஈரக் கையால் போனை என்னிடம் நீட்டினாள். "படிடி, அண்ணன் என்ன போட்டிருக்கார்?"

"தங்கச்சி, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில தேய்க்கிறேன். நேத்து இங்க லாட்ஜ் போர்வை லோடு வந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நம்ம ஆரஞ்சு. திங்கக்கிழமை பெட்டியோட வரட்டுமா?"